பாயிரமும் பட்டியலும்

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைந்தவர்கள், முன்னாளில் இரண்டு ஆண்டுக் கணக்குகளின் எல்லையையும் கடந்தனர். அடிவாரத்தில் எழுதப்பெற்ற சீட்டில் ‘விகாரி, தை’ என்றிருக்கும். மலைமேல் திருவிதாங்கூர் எழுத்தர் ‘கொல்லம் 1075, மகரம்’ என வரைவார். இரண்டும் 1900-ஆம் ஆண்டின் தொடக்கமே. ஆயினும் விகாரி 60 ஆண்டுக்கு ஒருமுறை மீள்வது. 1960-இன் தை மாதமும் விகாரித் தையே. முன்னதெனில் அம்மலை மன்னராட்சியில் இருந்தது. பின்னதெனில் கேரளத்துக் கோட்டயம் மாவட்டத்தில். 1972-இல் இடுக்கி மாவட்டம் தோன்றிற்று. அடிவாரத்துப் போடியும் மதுரை மாவட்டத்தினின்று பிரிந்து 1996-இல் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏலத்தோட்டங்களை நாடி மலையேறிய நம் முன்னோர் விட்டுச் சென்ற சம்பளச் சீட்டும் கடன் பத்திரமும் பள்ளிச் சான்றும் இன்று கணினிப் படங்களாகி வருகின்றன. ‘படம் 1’, ‘படம் 2’ என்பதன்றி வேறு குறிப்பு அவற்றுக்கு இல்லையாயின், பேரன் எதைச் சொல்லித் தேடுவான்?

ஓர் எழுத்தைப் பற்றி எவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும் என்னும் வினா நமக்குப் புதிதன்று. பவணந்தியாரின் நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுச் செய்திகளை வகுத்தது. நூலின் பெயர் யாது, இயற்றியவர் யார், எந்நூலின் வழிவந்தது, எவ்வெல்லையில் வழங்குவது, எவ்வகை யாப்பு, நுவலும் பொருள் யாது, கேட்டற்குரியார் யாவர், பயன் என்ன என்பன அவை. காலம், களம், காரணம் மூன்றையும் கூட்டி உரைப்போரும் உளர். எனினும் பாயிரம் தன் நூலின் தலைவாயிலிலேயே நிற்பது. ஆயிரம் நூல்களை ஒருங்கே வைத்துத் தேடுவார்க்குப் பட்டியல் வேண்டும்.

அச்சேறிய தமிழ் நூல்களைப் பொருள்வாரியாகப் பகுத்து ஸ்காட்லாந்தினரான ஜான் மர்டாக் 1865-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். பட்டியலுக்கே விதி வகுத்தவரோ நம் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1933-இல் கோலன் பகுப்பு முறையையும் 1934-இல் பட்டியலாக்க விதிகளையும் அளித்தார். ஒரு நூலை எவர் பட்டியலிடினும் ஒரே குறிப்பு விளைதல் வேண்டும் என்பதே இத்தகைய விதிகளின் நோக்கம். கோப்புப் பதிவேட்டோடு நாள்தோறும் மல்லாடும் எம் போன்ற மத்திய அரசுக் குமாஸ்தாக்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்!

கணினி ஆவணங்களுக்கான பொது விதி 1995-இல் டப்ளினில் உருவாகத் தொடங்கியது. இது அயர்லாந்தின் தலைநகரன்று. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துச் சிற்றூர். ‘டப்ளின் கோர்’ எனப்படும் இவ்விதி 15 கூறுகளை உடையது. 2003-இல் அனைத்துலகத் தரமாகவும் ஏற்கப்பெற்றது. தலைப்பு, ஆக்கியோன், பொருள், மூலம் ஆகியவை அதில் உள்ளன. எவ்விடத்தைப் பற்றியது என்னும் எல்லையும் உண்டு. பாயிரம் பயின்றோர்க்கு இவை பழகிய முகங்களாகவே தோன்றும். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததெனப் பெருமை பேசுதல் மட்டும் தகாது. ஒரே தேவை இரு காலத்தும் எழுந்தது, அவ்வளவே.

இவ்விதியின்படி எக்கூறும் கட்டாயமில்லை. எக்கூறும் மீண்டும் வரலாம். கட்டாயமின்மை சோம்பலுக்கு இடந்தருவது என்பது நம் கருத்து. மீண்டும் வரலாம் என்பதோ எல்லைப்புறத்தார்க்குப் பெருங்கொடை. பீர்மேடு என நாம் எழுதுவதை மலையாளத்தார் பீருமேடு என்பர். இரண்டையும் இடக்கூற்றில் பதிந்தால் எப்பெயரால் தேடினும் ஆவணம் அகப்படும். ஆண்டும் அவ்வாறே. ‘கொல்லம் 1075, மகரம்’ என்ற மூலத்தை விவரக் கூற்றில் உள்ளபடியே எழுதி, தேதிக் கூற்றில் 1900 என இடல் வேண்டும். விகாரி என்று மட்டும் இருப்பின், அத்தாளில் முத்திரை திருவிதாங்கூருடையதா கேரளத்தினுடையதா என்று பார்த்த பின்னரே ஆண்டு எழுதத் துணியலாம். இவற்றைப் பார்த்துச் சொல்லத்தக்க முதியோர் பலர் இன்னும் நம் இல்லங்களில் இருக்கின்றனர்.