சர்க்கரையை விட்ட மூன்று லட்சம் பேர்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர்கள் குழுவில் போன வாரம் ஒரு வாக்குவாதம் ஓடியது. வெள்ளைச் சர்க்கரையையும் பாக்கெட் தின்பண்டங்களையும் அடியோடு விட்டுவிட்டதாக ஒருவன் எழுதினான். "இதெல்லாம் யூடியூப் பார்த்து வர்ற புது ஃபேஷன், பத்து நாள் தாங்காது" என்று இன்னொருத்தி பதில் போட்டாள். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து "டீச்சர், நீங்க சொல்லுங்க" என்று என்னை இழுத்துவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் நடத்தியவள். அதனால் எனக்குத் தெரிந்த வழியில், சரித்திரத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இது புது ஃபேஷன் இல்லை. 230 வருஷத்துக்கு முன்பே ஒரு நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் சர்க்கரையை நிறுத்தினார்கள். அவர்கள் யாருக்கும் சர்க்கரை வியாதி பயம் இல்லை. முகம் தெரியாத வேறு யாரோ சாகிறார்கள் என்பதற்காக நிறுத்தினார்கள்.

கரும்பு முதலில் நியூ கினி தீவுப் பக்கம் பயிரானது. சாற்றைக் காய்ச்சிக் கட்டியாகவும் கற்கண்டாகவும் ஆக்கும் வித்தை இந்தியாவில் வளர்ந்தது. ஆங்கிலத்தில் 'ஷுகர்' என்கிறோமே, அதன் வேர் 'சர்க்கரா' என்ற சமஸ்கிருதச் சொல். நம் ஔவையார்கூட, அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகப் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ஐரோப்பாவில் வெகுகாலம் சர்க்கரை மருந்துக்கடைச் சரக்காகவும் பெரிய இடத்து ஆடம்பரமாகவும்தான் இருந்தது. 1493-ல் கொலம்பஸ் தன் இரண்டாம் பயணத்தில் கரும்பைக் கரீபியன் தீவுக்குக் கொண்டுபோனார். அதன்பிறகுதான் நிலைமை தலைகீழானது.

கரும்புக்கு ஆள் பலம் வேண்டும். வெட்டிய கரும்பை ஒன்றிரண்டு நாளில் பிழியாவிட்டால் இனிப்பு இறங்கிவிடும். கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐரோப்பியர்கள் அந்த வேலைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து வந்தார்கள். அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் ஒன்றேகால் கோடிப் பேர். அதில் பதினெட்டு லட்சம் பேர் கடலிலேயே இறந்தார்கள். மிச்சம் இருந்தவர்களில் பெரும்பகுதியினர் போய்ச் சேர்ந்தது கரும்புத் தோட்டங்களுக்கு. அறுவடைக் காலத்தில் ஆலை இரவு பகலாக ஓடும். தூக்கக் கலக்கத்தில் ஒருவர் கை உருளைக்குள் சிக்கினால் வெட்டி எடுக்க, பக்கத்திலேயே ஒரு கோடாலி வைத்திருப்பார்கள்.

அந்தச் சர்க்கரைதான் லண்டனில் தேநீரில் கரைந்தது. 1700-களின் கடைசியில் ஏழை வீடுகளில்கூட சர்க்கரை போட்ட தேநீர் வந்துவிட்டது.

1791 ஏப்ரலில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் தீர்மானத்தை வில்பர்ஃபோர்ஸ் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். ஆதரவு 88 ஓட்டு, எதிர்ப்பு 163. தோற்றுப்போனது. அந்தக் காலத்தில் பெண்களுக்கு ஓட்டு கிடையாது. ஆண்களிலும் பெரும்பாலோருக்குக் கிடையாது. நாடாளுமன்றம் கதவை மூடிவிட்டால் சாமானியர் என்ன செய்வது?

அந்த வருஷமே வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு சின்னத் துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையையும் ரம்மையும் வாங்காதீர்கள் என்பதுதான் விஷயம். அதில் ஒரு கணக்குப் போட்டிருந்தார். கணக்குப் பாடத்தில் வருகிற மாதிரியே இருக்கும். வாரம் 5 பவுண்டு சர்க்கரை, அதாவது சுமார் இரண்டேகால் கிலோ, அதற்குத் தக்க ரம்மும் வாங்குகிற ஒரு குடும்பம் 21 மாதம் அதை நிறுத்தினால், ஒரு மனிதன் அடிமையாவதையோ கொல்லப்படுவதையோ தடுக்கலாம் என்று காட்டினார். எங்கோ கடலுக்கு அப்பால் நடக்கிற கொடுமையை அடுப்படிச் சர்க்கரை டப்பாவோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அந்தப் பிரசுரம் பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்றது.

தாமஸ் கிளார்க்சன் என்ற போராளி நாடு முழுக்கச் சுற்றி வந்து, மூன்று லட்சம் பேர் சர்க்கரையை விட்டுவிட்டார்கள் என்று கணக்குச் சொன்னார். அன்றைய பிரிட்டனின் மொத்த ஜனத்தொகையே சுமார் ஒரு கோடிதான் என்பதை வைத்துப் பாருங்கள். மளிகைக் கடைகளில் விற்பனை குறைந்தது. கில்ரே என்ற கேலிச்சித்திரக்காரர் 1792-ல் ஒரு படம் வரைந்தார். ராஜாவும் ராணியும் சர்க்கரையில்லாத தேநீரை ஆகா ஓகோ என்று குடிக்க, இளவரசிகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்கு வீடு அன்றைக்கும் இதே கதைதான் நடந்திருக்கிறது!

இதை முன்னின்று நடத்தியவர்களில் பெண்கள் அதிகம். ஓட்டு இல்லையே தவிர, வீட்டுக்கு என்ன வாங்குவது என்ற முடிவு அவர்கள் கையில் இருந்தது. இந்த இடத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

உடனே வெற்றி கிடைத்துவிடவில்லை. 1793-ல் பிரான்சோடு போர் வந்ததும் இயக்கம் தளர்ந்தது. அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் 1807-ல்தான் வந்தது. ஏற்கெனவே அடிமையாக இருந்தவர்கள் அப்போதும் அடிமைகளாகவே இருந்தார்கள். 1824-ல் லெஸ்டர் நகரத்து எலிசபெத் ஹெய்ரிக் என்ற பெண்மணி, "படிப்படியாக" என்ற பேச்சே வேண்டாம், உடனே விடுதலை செய்யுங்கள் என்று எழுதினார். வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையை நிறுத்தச் சொன்னார். 1831-ல் அவர் காலமானார். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. நஷ்ட ஈடாக அரசாங்கம் 2 கோடி பவுண்டு கொடுத்தது. யாருக்குத் தெரியுமா? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அடிமைகளுக்கு ஒரு காசு கிடையாது.

பாடப்புத்தகத்தில் இந்தக் கதை இங்கே முடிந்துவிடும். நமக்கு இதற்குப் பிறகுதான் முக்கியம்.

சர்க்கரையை விட்ட வீடுகள் எல்லாமே இனிப்பை விட்டுவிடவில்லை. பலர் "அடிமைகள் செய்யாத சர்க்கரை" என்று கிழக்கிந்தியச் சர்க்கரைக்கு, அதாவது நம் நாட்டுச் சர்க்கரைக்கு மாறினார்கள். அப்படி எழுதிய சர்க்கரைக் கிண்ணங்களே அங்கே விற்பனைக்கு வந்தன. பிற்பாடு நம் பக்கமும் ஆலைகள் வந்தன. 1840-களில் நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி ஆலை வந்தது. அப்போது மதராஸ் மாகாணத்தோடு இருந்த கஞ்சம் ஜில்லாவில், அஸ்கா என்ற ஊரிலும் ஓர் ஆலை வந்தது. என் பாட்டி கடைசி வரை வெள்ளைச் சர்க்கரையை "அஸ்கா" என்றுதான் சொல்வார். அது ஒரு ஊர்ப் பெயர் என்று அவருக்குத் தெரியாது. ஒடிசாவில் அந்த ஊர் இன்றும் இருக்கிறது.

தீவுகளில் இருந்த தோட்டங்கள் என்ன ஆயின? அடிமைகள் போனதும் ஆள் தேடினார்கள். ஒப்பந்தக் கூலி என்று பெயர் வைத்து, ஐந்து வருஷக் காகிதத்தில் கைநாட்டு வாங்கிக் கப்பலேற்றினார்கள். 1834-லிருந்து மொரீஷியசுக்கு மட்டும் சுமார் நாலரை லட்சம் இந்தியர்கள் போனார்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் மதராஸிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் கூட்டம் அதுதான். 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் அங்கே போனார்கள். அதில் பெரும்பகுதி மதராஸ் வழியே போன தமிழரும் தெலுங்கரும். ஃபிஜிக்கும் நம் ஜனங்கள் போனார்கள். அங்கே கரும்புத் தோட்டத்தில் வாடிய நம் பெண்களை நினைத்துத்தான் பாரதியார் பாடினார். 1917-ல்தான் இந்த ஆள்பிடிப்பு நின்றது.

ஆக, கரும்பு வெட்டிய அடிமைக்குப் பதிலாக நம் பாட்டன் பாட்டி போய் நின்றார்கள். சர்க்கரைக்கான பசி குறையவே இல்லை. அதனால் அந்த இடத்தில் வேறொருவர் நிற்க வேண்டியதாயிற்று. இந்த ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை விடுகிறோம் என்றால், அது இருந்த இடத்தில் எதைக் கொண்டுவந்து வைக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

அதே பிரிட்டன் மறுபடியும் சர்க்கரையைக் குறைத்தது, இந்த முறை வேறு வழியில்லாமல். இரண்டாம் உலகப் போரின்போது 1940-ல் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. 1953 செப்டம்பரில்தான் எடுத்தார்கள். எடுத்ததும் ஜனங்கள் சாப்பிடுகிற சர்க்கரை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அந்த ரேஷன் காலத்தில் கருவிலும், பிறந்து முதல் இரண்டு வருஷத்திலும் இருந்தவர்களையும், ரேஷன் எடுத்த பிறகு பிறந்தவர்களையும் ஒப்பிட்டு 2024-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ரேஷன் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களான பிறகு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைவாக இருந்ததாம். ரத்தக் கொதிப்பு சுமார் 20 சதவீதம் குறைவாம். அந்தத் தாய்மார்கள் யாரும் டயட் இருந்தவர்கள் இல்லை. கடையில் சர்க்கரை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்று இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் பத்து கோடிப் பேர் என்று 2023-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு சொல்கிறது. நம் சொந்தத்தில் எத்தனை வீட்டில் மாத்திரை டப்பா இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். என் வகுப்பில் படித்த பிள்ளைகளே நாற்பது வயதில் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். கேட்கும்போது மனசு தாங்கவில்லை.

அதனால் விடுகிறேன் என்கிறவனை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் தம்பி, அந்த இடத்தில் எதை வைத்திருக்கிறாய் என்று மட்டும் கேட்பேன். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் என்கிறார்கள். வெல்லத்தில் கொஞ்சம் தாது உப்பு இருக்கலாம். ஆனால் அதிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைச் சத்துதான். "வெல்லம்தானே" என்று இரண்டு கரண்டி கூடப் போட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். இன்னொரு வீட்டில் காப்பியில் சர்க்கரை இல்லை, தொட்டுக்கொள்ள பிஸ்கட் இருக்கிறது. பிள்ளைக்கு மிட்டாய் இல்லை, "சத்து மாவு" என்று டப்பாவில் வருகிற இனிப்புப் பொடி இருக்கிறது. 300 மில்லி குளிர்பானம் பலவற்றில் முப்பது கிராமுக்கு மேல் சர்க்கரை. ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம் என்று வைத்து வகுத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரியவருக்கு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது.

மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று, தனியாக விடாதீர்கள், வீடாகச் சேர்ந்து குறையுங்கள். 1791-லும் அது வீட்டு முடிவாக இருந்ததால்தான் அத்தனை பேருக்குப் பரவியது. அப்பாவுக்கு மட்டும் சர்க்கரையில்லாத காப்பி, மற்றவர்களுக்குத் தட்டு நிறைய மிக்சரும் கேக்கும் என்றால் அவர் எத்தனை நாள் தாங்குவார்? இரண்டு, பாக்கெட்டைத் திருப்பி எழுத்துக் கூட்டிப் படியுங்கள். அதற்குத்தானே எழுத்து சொல்லிக்கொடுத்தோம். சர்க்கரை, குளுக்கோஸ், மால்ட், சிரப் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று, கர்ப்பமாக இருக்கிற நம் பெண்பிள்ளைகளும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் அந்த ரேஷன் கதையை மறுபடி ஒருமுறை படியுங்கள். இரண்டு வயது வரை குழந்தைக்குச் சர்க்கரை சேர்க்காதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது காரணத்தோடுதான். பேரப்பிள்ளை வாயில் சர்க்கரைத் தண்ணீர் விடும் பாட்டிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் திடீரென்று சாப்பாட்டை மாற்றும்முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரும்பு போடுகிற நம் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கரும்பில்தான் பாதிப் பிள்ளைகள் காலேஜ் படித்தீர்கள். பள்ளிக்கூட வாசலில் போகிற டிராக்டரிலிருந்து கரும்பை உருவிக்கொண்டு ஓடியவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது! பொங்கலுக்குப் பல்லால் கடித்துத் தின்கிற கரும்பையோ, தீபாவளிக்கு ஒரு அதிரசத்தையோ நான் குறை சொல்லவில்லை. பண்டிகைக்குப் பண்டிகை வந்துகொண்டிருந்த இனிப்பு தினம் ஐந்து வேளை வருகிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

இப்போது வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு எத்தனை கிலோ சர்க்கரை வாங்குகிறீர்கள், எத்தனை பேர் என்று கணக்குப் போட்டு, ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்று கீழே எழுதுங்கள். பிஸ்கட், குளிர்பானம், இனிப்புப் பொடி எல்லாவற்றையும் சேர்த்து. காப்பி அடிக்கக் கூடாது. உங்கள் பாட்டிமார் வெள்ளைச் சர்க்கரையை அஸ்கா என்பார்களா, சீனி என்பார்களா என்றும் எழுதுங்கள். மொரீஷியசுக்கோ நேட்டாலுக்கோ ஃபிஜிக்கோ கப்பலேறிப் போய்த் திரும்பாத யாராவது உங்கள் குடும்பத்துப் பேச்சில் வருவதுண்டா? இருந்தால் அந்தப் பெயரையும் அவசியம் பதிவு செய்யுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டிய விஷயம் அது.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்