ஈட்டியை ஆட்டியவன்

ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த மெர்ட்டன் கல்லூரியின் பழைய ஏட்டிலே, 1487-ஆம் ஆண்டைச் சார்ந்த லத்தீன் குறிப்பு ஒன்று, அங்கிருந்த ஹியூ என்னும் கல்விமான் தம் குடிப்பெயரைக் கைவிட்டு ஸாண்டர்ஸ் என்று வேறு பெயர் பூண்ட செய்தியையும், பழைய பெயர் இழிவானதென்று கருதப்பட்டமையே அதற்குக் காரணம் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறது. அவர் கூசிக் களைந்தெறிந்த அந்தப் பெயர் ஷேக்ஸ்பியர்.

இன்று உலகம் பக்தியோடு உச்சரிக்கிற ஒரு நாமத்தைத் தாங்குவதற்குக் கற்றவர் ஒருவர் வெட்கப்பட்டார் என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அப்பெயர் பிறந்த விதத்தை அறிந்தால் வியப்பு அடங்கும். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், நிலவுரிமையையும் வரியையும் ஏட்டில் ஏற்ற வேண்டிய அவசியம் பெருகப் பெருக, ஒரே ஊரில் பல வில்லியம்களும் பல ஜான்களும் இருந்தமையால், ஊரையோ தொழிலையோ தகப்பன் பெயரையோ சேர்த்தெழுதி ஒருவரை மற்றொருவரினின்று பிரித்துக் காட்டும் வழக்கம் மெல்லத் தோன்றிப் பிற்காலத்தில் பரம்பரைப் பெயராக நிலைத்தது. இவற்றுள் எவ்வகையிலும் சேராமல், அண்டை அயலார் கண்ட உருவத்தையும் நடத்தையையும் பற்றிக்கொண்டு பிறந்தவை பட்டப்பெயர்கள். இவற்றை ஒருவன் தானே சூட்டிக்கொள்வதில்லை. ஊரார் வாயிலிருந்து வந்து அவன்மேல் ஒட்டிக்கொண்டு, அவன் பேரன் கொள்ளுப்பேரன் வரைக்கும் விடாமல் தொடரும்.

அத்தகைய பட்டப்பெயர்களில் ஒரு வினையையும் ஒரு பொருளையும் இணைத்து ஆக்கியவை தனிச் சுவை உடையன. டிரிங்க்வாட்டர் என்றால் தண்ணீர் குடிப்பவன். எளிய மதுவுக்கும் காசில்லாத ஏழையை அப்படி அழைத்தார்களோ, மதுவைத் தவிர வேறெதையும் தொடாத குடியனை அப்படிப் பரிகசித்தார்களோ, இருபொருளும் கொள்ளத்தக்கதே. வாக்ஸ்டாஃப் என்றால் கோலை ஆட்டுபவன். பிரேக்ஸ்பியர் என்றால் ஈட்டியை முறிப்பவன். அப்பெயருடைய நிக்கலஸ் என்பவர் 1154-இல் நான்காம் ஏட்ரியன் என்ற நாமத்தோடு போப்பாண்டவராகி, அப்பீடத்தில் அமர்ந்த ஒரே ஆங்கிலேயர் என்ற கீர்த்தியைப் பெற்றார். ஈட்டியை ஆட்டுபவன் என்று பொருள்படும் ஷேக்ஸ்பியரும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அது போர்வீரனைக் குறித்ததென்று சிலரும், சண்டைக்கு எப்போதும் தயாராக நிற்கும் வாய்வீச்சுக்காரனைக் குறித்ததென்று சிலரும், சபையிற் சொல்லத் தகாத இரட்டைப்பொருள் அதில் உண்டென்று வேறு சிலரும் கூறுவர். 1605-இல் வெளிவந்த நூலொன்றில் வில்லியம் காம்டன் என்ற சரித்திராசிரியர், மனிதர் கையில் ஏந்தித் திரிந்த பொருளால் உண்டான பெயர்களோடு இதையும் சேர்த்துவைக்கிறார். பெருமையும் பரிகாசமும் கலந்தே இருந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அவ்வாறின்றேல் மெர்ட்டன் கல்விமானின் கூச்சத்துக்குக் காரணம் சொல்ல முடியாது.

பெயரின் பழைய சரித்திரமும் புகழ்வாய்ந்ததன்று. 1248-இல் கிளாஸ்டர்ஷயர் பகுதியில் கொள்ளைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட ஒருவனே அப்பெயருடன் ஏடுகளில் மிக முன்னதாகத் தென்படுகிறான். பின்னர் வாரிக்ஷயர் கிராமங்களில் அப்பெயர் பரவலாகக் காணப்படுகிறது. அம்மாகாணத்தின் ஸ்னிட்டர்ஃபீல்டு என்ற சிற்றூரில் குடியானவராயிருந்த ரிச்சர்டின் மகன் ஜான், ஸ்ட்ராட்ஃபோர்டு நகருக்கு வந்து கையுறை தைக்கும் தொழிலில் முன்னேறி, 1568-இல் அந்நகரின் தலைமைப் பதவியையும் வகித்தார். அவர் மகனே நாடகாசிரியர். அக்காலத்தில் எழுத்துக்கூட்டலுக்கு நிலையான விதி இல்லாமையால், 1582-ஆம் ஆண்டுத் திருமணப் பிணைப்பத்திரத்தில் ஷாக்ஸ்பியர் என்றும், பிற்கால அரண்மனைக் கணக்கில் ஷாக்ஸ்பர்டு என்றும் அவர் பெயர் உருமாறிக் கிடக்கிறது. அவர் கையாலிட்ட ஆறு கையொப்பங்களும்கூட ஒரே விதமாக இல்லை.

ஏளனச் சொல்லாகப் பிறந்த இப்பெயரைக் குலப்பெருமையாக மாற்றக் குடும்பத்தார் செய்த முயற்சி 1596-இல் பலித்தது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் ஜானுக்கு அரசாங்கத்தின் குலச்சின்னம் வழங்கப்பட்டபோது, பொன்னிறக் கேடயத்தில் குறுக்காக ஓடும் கரிய பட்டையின்மேல் ஈட்டி தீட்டப்பட்டது; அதற்குமேல் இறக்கை விரித்த ராஜாளி ஒன்று ஈட்டியேந்தி நின்றது. ‘உரிமையின்றி அல்ல’ என்பது அதற்குரிய வாசகம். ஆனால் அச்சின்னத்தைச் சந்ததிக்கு எடுத்துச் செல்ல வேண்டிய நாடகாசிரியரின் ஒரே மகன், பதினொரு வயதுச் சிறுவன் ஹாம்னெட், இரண்டு மாதங்களுக்கு முன் ஆகஸ்டிலேயே மண்ணுக்குள் சென்றுவிட்டான். இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. 1602-இல் ரால்ஃப் புரூக் என்ற அதிகாரி, கேவலம் நடிகனுக்கெல்லாம் இத்தகைய கௌரவமா என்று ஆட்சேபித்தபோது, அதற்கு மறுமொழி எழுதியவர்களில் முன்சொன்ன காம்டனும் ஒருவர்.

1592-இல் ராபர்ட் கிரீன் பெயரால் வந்த சிறுநூல், ஈட்டியின் இடத்தில் நாடக மேடையை வைத்து நாடகாசிரியரின் பெயரைத் திரித்துப் பழித்தது. 1623-இல் பென் ஜான்சன், அறியாமையின் கண்முன்னே ஆட்டப்படும் ஈட்டியாக அவருடைய கவிதையை வருணித்து, அதே பெயரைத் துதியாக்கினார். 1670-இல் பேத்தி எலிசபெத் இறந்ததோடு ஷேக்ஸ்பியருடைய நேர்வம்சம் அற்றுப்போயிற்று. தமிழ்நாட்டில் அக்கவியைப் படித்து மகிழ்ந்த அறிஞர் சிலர், ஊரார் சூட்டிய அந்தப் பட்டத்தின் ஓசையையே பற்றிக்கொண்டு, செகம் முழுதுக்கும் பிரியமானவர் என்று பொருள்படும்படி, அவரைச் செகப்பிரியர் என்று எழுதினார்கள்.