சைக்கிளுக்கு வழி பிறந்த கதை



சைக்கிள் என்ற சொல்லுக்கு நம் தோட்டக் குடும்பங்களில் விளக்கம் தேவையில்லை. பால் வாளியைச் சுமந்தது சைக்கிள். சம்பள நாளில் பட்டணத்துக் கடையிலிருந்து அரிசியும் பருப்பும் ஏற்றி வந்தது சைக்கிள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை முடித்த பிள்ளைகள் பலர் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் சைக்கிளில்தான். தோட்டத்துச் செம்மண் பாதை வரையில் தாய்க்குக் கவலையில்லை. அந்தப் பாதை பெரிய சாலையில் போய்ச் சேரும் முனையில்தான் கவலை தொடங்குகிறது. அங்கே லாரியும் பேருந்தும் காரும் விரைந்து ஓடுகின்றன. "பார்த்துப் போப்பா" என்று சொல்லி அனுப்புவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும் என்று நாமும் இருந்துவிடுகிறோம்.

இதே கவலையோடு இருந்த ஒரு நாட்டுப் பெற்றோர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர், "வேறு என்ன செய்ய முடியும்?" என்று உரக்கவே கேட்டார்கள். விடையும் கண்டார்கள். அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் காணப் போகிறோம்.

அந்த நாடு நெதர்லாந்து. நம் பெரியவர்கள் ஹாலந்து என்று சொல்லுவார்கள். இன்று அந்த நாட்டின் பெயரைக் கேட்டதும் சைக்கிள்தான் நினைவுக்கு வருகிறது. மேடு பள்ளம் இல்லாத சமநிலம், அதனால் அங்கே சைக்கிள் தானாகவே வளர்ந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். நிலம் சமமானது என்பது உண்மை. ஆனால் அந்தச் சமநிலத்திலேயே ஒரு காலத்தில் சைக்கிள் மறையத் தொடங்கியது என்பதும் உண்மை.

உட்ரெக்ட் நகரில் 1885ஆம் ஆண்டிலேயே சைக்கிளுக்கென்று ஒரு பாதை ஒதுக்கப்பட்டது. 1924 முதல் 1941 வரை சைக்கிள் வைத்திருந்தவர்கள் அரசுக்கு வரி கட்டி, அதற்கு அடையாளமாக ஓர் உலோகத் தகட்டை வாங்கி வண்டியில் மாட்டிக் கொண்டார்கள். நம் நாட்டிலும் சைக்கிளுக்கு உரிமத் தகடு வாங்கிய காலத்தை மூத்த நேயர்கள் அறிவார்கள். வரி போடும் அளவுக்கு அங்கே சைக்கிள்கள் மலிந்திருந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் காட்சி மாறியது. நாடு செழித்தது, கார்கள் பெருகின. நகரங்களை அமைப்போர், வருங்காலம் காருக்கே என்று முடிவு கட்டினார்கள். சாலைகளை அகலப்படுத்தப் பழைய வீடுகள் இடிக்கப்பட்டன. உட்ரெக்ட் நகரைச் சுற்றியிருந்த பழமையான கால்வாயின் ஒரு பகுதியிலிருந்து நீரை அகற்றி, அங்கே மோட்டார் சாலை அமைத்தார்கள். சைக்கிளில் போகிறவன் சாலையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டான். ஆண்டுக்கு ஆண்டு சைக்கிள் ஓட்டுவோர் தொகை குறைந்து வந்தது.

இதற்கு அந்நாடு கொடுத்த விலை சிறியதன்று. 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் மாண்டார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். அந்நாட்டின் மக்கள்தொகை அப்போது ஒரு கோடியே முப்பது லட்சம்தான். பள்ளிக்குப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை என்ற செய்தி எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அத்தகைய வீடுகளுள் ஒன்று பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹோஃப் என்பவருடையது. 1971இல் அவருடைய மகள் பள்ளிக்குப் போகும் வழியில் விபத்தில் இறந்தாள். மறு ஆண்டு அவர் தாம் பணியாற்றிய நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பு, "பிள்ளைக் கொலையை நிறுத்துங்கள்" என்று பொருள்படும். விபத்து என்று எல்லாரும் சொன்னதை அவர் கொலை என்று சொன்னார். அந்தச் சொல் நாட்டை உலுக்கியது. அதையே பெயராகக் கொண்டு ஓர் இயக்கம் பிறந்தது. மார்ட்யா வான் புட்டன் என்ற இளம் தாய் அதன் முதல் தலைவரானார்.

தாய்மாரும் தந்தைமாரும் விபத்து நடந்த சாலைகளை மறித்து அமர்ந்தார்கள். ஆம்ஸ்டர்டாம் நகரின் நெருக்கமான குடியிருப்புகளுள் ஒன்றான தெ பெய்ப் பகுதியில் 1972இல் சிறுவர்களே தங்கள் தெருவை அடைத்து, விளையாட இடம் கேட்டார்கள். இயக்கத்தினர் சைக்கிளில் ஊர்வலமாகப் பிரதமர் யோப் டென் அய்ல் அவர்களின் வீட்டுக்குப் போய், வாசலில் பாட்டுப் பாடி, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான தெருக்கள் வேண்டும் என்றார்கள். பிரதமரும் வெளியே வந்து கேட்டார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நம் பழமொழி. அங்கே பிள்ளைகளுக்காகப் பெற்றோர் அழுதார்கள். அழுததோடு நில்லாமல் கணக்கும் கேட்டார்கள்.

காலமும் அவர்களுக்குத் துணை நின்றது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் தொடங்கிச் சில வாரங்களுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று அரசு கட்டளையிட்டது. நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். கார் இல்லாத தெரு எப்படியிருக்கும் என்பதை மக்கள் கண்ணால் கண்டார்கள். 1975இல் சைக்கிள் ஓட்டுவோரும் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக் கொண்டார்கள்.

கோரிக்கை பிறந்துவிட்டது. ஆனால் தெருவை எப்படி மாற்றுவது? இங்கேதான் பொறியாளர்களின் பணி தொடங்குகிறது.

டெல்ஃப்ட் நகரில் யோஸ்ட் வால் என்ற நகராட்சிப் பொறியாளர் 1960களின் கடைசியிலேயே குடியிருப்புத் தெருக்களில் சில மாற்றங்களைச் செய்து பார்த்தார். தெருவை நேர்க்கோடாக விடாமல் வளைத்தார். இடையே மரம் நட்டார், இருக்கை போட்டார், மேடு வைத்தார். கார் வரலாம், ஆனால் மனிதன் நடக்கும் வேகத்தில்தான் வர முடியும். வீட்டு முற்றம்போல ஆயின அந்தத் தெருக்கள். 1976இல் இத்தகைய தெருக்களுக்குச் சட்டமும் வந்தது.

அடுத்து, பெரிய சாலைகளைக் கவனித்தார்கள். 1975 முதல் 1977 வரை தி ஹேக், டில்பர்க் ஆகிய இரு நகரங்களில் அரசுப் பணத்தில் ஒவ்வொரு மாதிரிச் சைக்கிள் பாதை அமைக்கப்பட்டது. பாதை நன்றாகவே இருந்தது. அதில் போவோர் தொகையும் கூடியது. ஆனால் நகர் முழுவதும் கணக்கிட்டபோது பெரிய மாற்றம் தெரியவில்லை. காரணம் எளியது. ஒருவனுடைய வீடு ஒரு மூலையில் இருக்கிறது. பள்ளி வேறு மூலையில் இருக்கிறது. நடுவில் ஓடும் ஒரே ஒரு நல்ல பாதையால் அவனுக்கு என்ன பயன்? ஒரு கயிறு வலையாகாது அல்லவா?

ஆகவே டெல்ஃப்ட் நகரம் 1979இல் ஒரு திட்டம் தீட்டி, 1980களில் அதை நிறைவேற்றியது. நகரைக் கடக்கும் பெரிய சைக்கிள் பாதைகள் ஏறத்தாழ 500 மீட்டருக்கு ஒன்று. வட்டாரப் பாதைகள் 200 முதல் 300 மீட்டருக்கு ஒன்று. தெருப்பாதைகள் அதனினும் நெருக்கமாக. எங்கே பாதை அறுந்திருந்ததோ அங்கே பாலமோ சுரங்கவழியோ கட்டி இணைத்தார்கள். வலை முழுமையடைந்தது, சைக்கிள் பயணமும் கூடியது.

இருப்பினும், பாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆபத்து காத்திருப்பது சந்திப்பில்தான். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் செல்வதால், அதற்கேற்ப மாற்றிச் சொல்கிறோம். சமிக்ஞை விளக்கின் முன் ஒரு லாரியும், அதன் இடப்பக்கத்தில் ஒரு சைக்கிளும் நிற்பதாக வைத்துக் கொள்ளுங்கள். பச்சை விளக்கு எரிகிறது. சைக்கிள் நேரே போகிறது. லாரி இடப்பக்கம் திரும்புகிறது. ஓட்டுநர் உயரத்தில், வலப்பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். இடப்பக்கக் கதவின் கீழே நிற்கும் பிள்ளை அவர் கண்ணில் படுவதில்லை. லாரி திரும்பும்போது அதன் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களைவிட முனைக்கு நெருங்கி வருகின்றன. இதில் பிள்ளையின் தவறு என்ன? ஓட்டுநரும் வேண்டுமென்று செய்யவில்லை. இருவரையும் அங்கே அப்படி நிறுத்தி வைத்தது அந்தச் சாலையின் அமைப்பு.

நெதர்லாந்துப் பொறியாளர்கள் அந்த அமைப்பையே மாற்றினார்கள். சந்திப்பின் முனையில் பிறை வடிவில் ஒரு சிறிய கல் திட்டு எழுப்பினார்கள். சைக்கிள் பாதை அந்தத் திட்டுக்குப் பின்புறமாகச் செல்லும். சைக்கிள் நிற்கும் கோடு, லாரி நிற்கும் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் இருக்கும்; ஆகவே பிள்ளை ஓட்டுநரின் கண்முன் நிற்கிறான். சைக்கிள் கடக்கும் இடம் சாலை விளிம்பிலிருந்து சுமார் 5 மீட்டர், அதாவது ஒரு காரின் நீளம், உள்ளே தள்ளியிருக்கும். வண்டி திரும்பி முடிக்கும்போது, கடந்து செல்லும் சைக்கிள் அதன் பக்கவாட்டில் இல்லாமல் நேர் எதிரே தெரிகிறது. திட்டு இருப்பதால் வண்டி வேகமாகத் திரும்பவும் முடியாது.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, 30 கிலோமீட்டர் வேகத்தில் வருவதைவிடக் கொஞ்சம்தானே கூடுதல் என்று நினைக்கலாம். ஆனால் அதன் மோதும் ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்கு. வேகம் மிகுந்த இடத்தில் சைக்கிளைத் தனியே பிரிப்பது, ஒன்றாகப் போக வேண்டிய இடத்தில் வேகத்தைக் குறைப்பது என்பதே அவர்கள் கைக்கொண்ட வழி. 1980களில் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 கிலோமீட்டர் வேக எல்லை வந்தது.

இவையெல்லாம் எதிர்ப்பின்றி நடந்துவிடவில்லை. குரோனிங்கன் நகரம் 1977 செப்டம்பரில் நகர நடுவை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் கார் நேராகச் செல்ல முடியாதபடி செய்தது. சைக்கிளுக்கு மட்டும் குறுக்கு வழி உண்டு. வியாபாரம் கெட்டுவிடும் என்று கடைக்காரர்கள் கொதித்தார்கள். நகர மன்றம் உறுதியாக நின்றது. பின்னர் அந்நகரம் சைக்கிளுக்குப் பேர்போன நகரமாயிற்று.

விளைவு என்ன? 1971இல் சுமார் 3,300 ஆக இருந்த சாலை மரணம், 2013இல் 570 ஆகக் குறைந்தது. அதற்குள் மக்கள்தொகையும் கார்களும் பெருகியிருந்தன என்பதை மறக்கக் கூடாது. காரில் பாதுகாப்பு வார் அணிவது, மருத்துவ வசதி வளர்ந்தது போன்றவற்றுக்கும் இதில் பங்குண்டு. வேலை முற்றும் முடிந்துவிடவும் இல்லை. 2022இல் மரணம் மறுபடியும் 700ஐத் தாண்டியது. சைக்கிளில் சென்ற முதியவர்கள் பலர் அதில் அடங்குவர். காப்பாற்றிய பாதையையும் காலத்துக்கேற்பத் திருத்திக் கொண்டே இருக்க வேண்டும் போலும். உட்ரெக்ட் நகரின் அந்தக் கால்வாயிலோ, மோட்டார் சாலையை எடுத்துவிட்டு 2020இல் மறுபடியும் நீர் விட்டார்கள்.

இது எங்கோ ஒரு குளிர் நாட்டின் கதை என்று விட்டுவிட வேண்டாம். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையிலான கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிள்களுக்குத் தனிப்பாதை அமைத்தது நம் நாடு. 1990களில் அப்பாதை நீட்டப்பட்ட பின்னர் மோட்டார் சைக்கிள் விபத்துகள் குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். சிறிய வண்டியைப் பெரிய வண்டியிடமிருந்து பிரித்தால் உயிர் பிழைக்கும் என்பது நம் மண்ணிலும் மெய்ப்பிக்கப்பட்டதே.

பெற்றோர்களே! பிள்ளைக்குப் புத்தி சொல்லத்தான் வேண்டும். விளக்கும் பிரேக்கும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் கவனத்தை மட்டும் நம்பி ஒரு சாலை இருக்கலாமா? உங்கள் பிள்ளைகள் பெரிய சாலையில் ஏறும் முனையை ஒரு நாள் போய் நின்று பாருங்கள். எத்தனை மணிக்கு லாரிகள் மிகுதி, எந்தப் பக்கம் புதர் மறைக்கிறது, எங்கே வண்டிகள் வேகம் குறைக்காமல் திரும்புகின்றன என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாக அதை ஊராட்சி மன்றத்துக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு முறை கொடுத்துப் பதில் இல்லையென்றால் மறுமுறையும் கொடுங்கள். நெதர்லாந்துத் தாய்மாரும் முதல் நாளே வெற்றி பெற்றுவிடவில்லை.