கதைக்குக் கீழே வரும் கேள்விகள்

ஜெர்மன் பள்ளிப் பாடநூலில் ஒரு சிறுகதை முடிந்ததும் அதன் கீழே கேள்விகள் தொடங்கிவிடும். சம்பவம் எங்கே நடக்கிறது, அந்தப் பெண் ஏன் அந்தப் பொய்யை நம்பியதுபோல இருக்கிறாள், எந்த வரியை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று அவை நீளும். ஜெர்மன் கற்கும் வெளிநாட்டவருக்கான தேர்வுகளிலும் ஏற்பாடு இதுதான். இப்படிக் கேட்பது இலக்கியத்தின் உயிரை எடுக்கும் வேலை என்று அந்நாட்டு எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் தலைமுறை தலைமுறையாகக் குறைபட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். குறை நியாயமானது, ஆனால் குற்றவாளிக் கூண்டில் அவர்கள் ஏற்றியது தவறான ஆளை. கதையைப் பற்றிக் கேள்வி கேட்கும் வழக்கம் பிள்ளைகளை நெட்டுருவிலிருந்து மீட்பதற்காகவே அங்கே வளர்ந்தது. கெடுதல் வந்ததெல்லாம், கேள்விக்கு முன்பே விடையை எழுதி வைத்துக்கொண்ட காலங்களில்தான்.

மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய வேதவினாவிடை, புரொட்டஸ்டன்ட் ஊர்களில் பிள்ளைகள் கையில் முதலில் கிடைத்த நூல்களில் ஒன்று. ஒவ்வொரு கட்டளையின் கீழும் 'இது என்ன?' என்று ஒரு கேள்வி, அடுத்த வரியிலேயே விடை. பிள்ளை இரண்டையும் சொல் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். (1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழாக்கியவற்றுள் இந்த வினாவிடையும் உண்டு, ஆகவே இந்தக் கதையின் முதல் அத்தியாயம் நம் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது.) இருநூற்றைம்பது ஆண்டு கழித்து இந்த முறையின் பலனைக் கண்ணால் கண்டவர், பிராண்டன்பர்க் பகுதியில் ரெக்கான் என்ற ஊரின் நிலக்கிழார் எபர்ஹார்ட் ஃபொன் ரோஹோ. 1770களின் தொடக்கத்தில் விளைச்சல் பொய்த்துக் கொள்ளைநோய் பரவியபோது, தம் குடியானவர்களுக்காகச் சொந்தச் செலவில் மருத்துவர் ஒருவரை அமர்த்தினார். மக்களோ அந்த மருத்துவத்தை நம்பாமல் போலி வைத்தியர்களிடம் போனார்கள். வேதவினாவிடையை ஒப்பிக்கத் தெரிந்தவர்களுக்குச் சொன்னதை யோசித்து நடக்கத் தெரியவில்லை என்பது அவருக்கு உறைத்தது. 1773இல் ஊரில் பள்ளி திறந்தார். 1776இல் 'பிள்ளைகளின் நண்பன்' என்ற வாசிப்பு நூலை வெளியிட்டார். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமான வாழ்க்கையிலிருந்து எடுத்த குட்டிக் கதைகள் அதில் இருந்தன. ஒரு கதையை வாசித்த பிறகு ஆசிரியர் அதைப் பற்றிப் பிள்ளைகளோடு பேச வேண்டும், அவர்கள் தங்கள் சொற்களில் பதில் சொல்ல வேண்டும் என்பது ரோஹோவின் திட்டம். கதைகள் நீதி போதனையாகவே இருந்தன என்பதையும், எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்பதைக் கெட்டிக்காரப் பிள்ளை எளிதில் ஊகித்திருக்கும் என்பதையும் மறுக்க முடியாது. இருந்தாலும் விடை அச்சில் இல்லை. அந்த இடைவெளி சிறியதுதான். அதற்கு முன் அதுவும் இல்லை.

கிம்னாசியம் எனப்படும் மேல்நிலைப் பள்ளிகளுக்கு இந்தப் பழக்கம் வேறு வாசல் வழியாக வந்தது. அங்கே லத்தீனும் கிரேக்கமும்தான் ராஜா; தாய்மொழிக் கதையையும் கவிதையையும் வகுப்பில் ஆராய்வது வீண்வேலை என்று பலர் எண்ணினார்கள். மெர்செபுர்க் நகரில் ஆசிரியராக இருந்த ரோபர்ட் ஹீக்கே 1842இல் வெளியிட்ட நூலில் அதை எதிர்த்தார். பழைய செவ்வியல் நூல்களைத் துருவித் துருவிப் படிப்பதுபோல ஜெர்மன் இலக்கியத்தையும் படிக்க வேண்டும் என்றார். அதே காலத்தில் பிலிப் வாக்கர்நாகல் இதற்கு நேர் எதிராக வாதிட்டார்: நல்ல நூலைப் பிள்ளை கையில் கொடுங்கள், உரக்க வாசிக்க வையுங்கள், விளக்கம் சொல்லிக் கெடுக்காதீர்கள். இந்தச் சண்டை அங்கே இன்றும் ஓயவில்லை. வகுப்பறை நடைமுறையில் மட்டும் காலப்போக்கில் ஹீக்கேயின் பக்கம் வென்றது. ஆனால் அவர் கேட்ட கூர்மையான வாசிப்பு எல்லா இடத்திலும் நடந்துவிடவில்லை. 1890 டிசம்பரில் பெர்லினில் நடந்த பள்ளி மாநாட்டில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் ஜெர்மன் பாடத்தையே கல்வியின் அடித்தளமாக்கச் சொன்னார். இறுதித் தேர்வில் லத்தீன் கட்டுரை போயிற்று. ஜெர்மன் கட்டுரையின் மேல் முழுப் பாரமும் விழுந்தது. மதிப்பெண் தங்கியிருக்கும் இடத்தில் ஆசிரியர் விரும்பும் வாசகத்தை எழுதிக் கொடுப்பதுதானே மாணவர் புத்தி! 1910இல் ஹாம்பர்க் ஆசிரியர்கள் யென்சனும் லாம்சூஸும், பள்ளிக் கட்டுரை என்பது மாறுவேடம் போட்ட மலிவு எழுத்தாளன் என்று தலைப்பிலேயே அறைந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். கேள்வி இருந்தது, பதிலும் இருந்தது. பதில் சொல்பவர் மட்டும் அதில் இல்லை.

1945க்குப் பிறகு சிறுகதை வகுப்பறையைப் பிடித்துக்கொண்டது. நாஜிக் காலத்துப் பாடநூல்கள் பயனற்றுப் போயின. தாள் பஞ்சம் வேறு. நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளைக்குள் வாசித்து முடித்துப் பேசவும் நேரம் விடும் எழுத்து தேவைப்பட்டது. வுல்ஃப்காங் போர்ஹெர்ட் 1946இல் எழுதிய 'ரொட்டி' இதற்கென்றே எழுதியதுபோல அமைந்தது. இரவு இரண்டரை மணிக்குச் சமையலறையில் சத்தம் கேட்டு மனைவி எழுந்து வருகிறாள். கணவன் அங்கே நிற்கிறான். மேசையில் ரொட்டித் துணுக்குகள். சத்தம் கேட்டு வந்தேன் என்கிறான். முப்பத்தொன்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவன் பொய் சொல்வது அவளுக்குப் புரிகிறது. அவளும் அந்தப் பொய்க்குத் துணை போகிறாள். மறுநாள் இரவு உணவில், தனக்கு ரொட்டி ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்லித் தன் பங்கில் ஒரு துண்டை அவன் பக்கம் நகர்த்துகிறாள். மணி என்ன, மணமாகி எத்தனை ஆண்டு என்ற கேள்விகளுக்கு ஒரே விடைதான். அவற்றைக் கேட்பதிலும் தவறில்லை, கதையை வாசித்தாயா என்று தெரிய வேண்டுமே. ஆனால் அவள் ஏன் அந்தத் துண்டைக் கொடுத்தாள்? அன்பு என்று எழுதலாம். அவனை இனிப் பொய் சொல்ல விடாமல் தடுக்கும் வழி என்று எழுதலாம். அது இரக்கத்தின் வடிவில் வந்த தண்டனை என்றும் எழுதலாம். தட்டின் மேல் குனிந்துகொள்ளும் கணவன் இதற்கு ஆதாரம். மூன்றுக்கும் கதையில் வரி உண்டு. கேள்வி இங்கேதான் வாசகரைத் திரும்பக் கதைக்குள் அனுப்புகிறது. விடைக்குறிப்பில் 'அன்பு' என்று மட்டும் அச்சடித்தால் ரெக்கானிலிருந்து மீண்டும் வேதவினாவிடைக்கே திரும்பிவிடுகிறோம்.

இப்படித் திரும்பியவர்கள் பலர் என்பதால்தான் கவிஞர் ஹான்ஸ் மாக்னுஸ் என்சென்ஸ்பெர்கர் 1976இல் அத்தனை காட்டமாக எழுதினார். கவிதைகளிடமிருந்து இளைஞர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று கிண்டலாகத் தலைப்பிட்ட அந்தக் கட்டுரையில், ஒரே சரியான பொருள் என்று ஒன்றை வைத்துக்கொண்டு மாணவரை விரட்டும் வழக்கத்தைச் சாடினார். வாசகருக்குத் தாம் விரும்பியபடி வாசிக்கும் உரிமை உண்டு என்பது அவர் வாதம். பாதி ஒப்புக்கொள்ளலாம். மீதிப் பாதி, வாக்கர்நாகலின் பழைய வாதம் புது உடையில் வந்தது: நூலைக் கொடு, ஒதுங்கி நில். வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் உள்ள பிள்ளைக்கு அது போதும். கதையைப் பற்றிப் பேச வீட்டில் யாருமில்லாத பிள்ளைக்கு, வகுப்பில் கேட்கப்படும் கேள்வியே முதல் உரையாடல். இது வெறும் ஊகமன்று. பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பிசா தேர்வின் 2000ஆம் ஆண்டு முடிவு 2001 டிசம்பரில் வந்தபோது, வாசிப்பில் ஜெர்மனி எடுத்தது 484 புள்ளி. பங்கேற்ற வளர்ந்த நாடுகளின் சராசரி 500. பதினைந்து வயதினரில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் மிகத் தாழ்ந்த நிலையில் இருந்தார். குடும்பப் பின்னணிக்கும் வாசிப்புத் திறனுக்கும் இடையிலான பிணைப்பு மிக இறுக்கமாக இருந்த நாடுகளில் ஜெர்மனி முன்வரிசையில் நின்றது. நாடே அதிர்ந்தது. ஒதுங்கி நிற்பதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுமா?

அதே பிசா தேர்வில் ஒரு வேடிக்கையும் இருந்தது. 'பரிசு' என்ற சிறுகதையை அதில் கொடுத்திருந்தார்கள்: வெள்ளத்தில் தனித்து மாட்டிக்கொண்ட ஒரு பெண், அவள் வீட்டிலேயே ஒதுங்கிய ஒரு சிறுத்தை. அந்தப் பெண் ஈவிரக்கமில்லாதவள் என்று ஒருவரும், மிகுந்த இரக்கம் உள்ளவள் என்று இன்னொருவரும் சொல்வதாகக் காட்டி, இரு தரப்புக்கும் கதையிலிருந்தே சான்று தரச் சொன்னது ஒரு கேள்வி. கடைசி வாக்கியம் கதைக்குப் பொருத்தமான முடிவா என்றது இன்னொன்று. ஆம் என்றாலும் இல்லை என்றாலும், காரணம் கதையோடு ஒட்டினால் மதிப்பெண் உண்டு. இயந்திரத்தனம் என்று பலர் வைத பன்னாட்டுத் தேர்வு, இந்த இடத்தில் உள்ளூர் விடைக்குறிப்புகள் பலவற்றைவிடத் தாராளமாக இருந்தது.

பல விடைகளை ஏற்றால் நேர்மையாகத் திருத்துவது எப்படி, ஆசிரியரின் மனப்போக்கில் மதிப்பெண் போய்விடாதா என்று கேட்பார்கள். அலட்சியப்படுத்தக்கூடிய ஆட்சேபம் இல்லை இது. 2003இல் ஜெர்மன் மாநிலக் கல்வி அமைச்சர்கள் பொதுத் தரங்களை வகுத்ததற்கும், மறு ஆண்டு பெர்லினில் அதற்கென ஒரு நிறுவனம் வந்ததற்கும் பின்னால் இந்தக் கவலையும் இருந்தது. இலக்கியக் கல்வி ஆய்வாளர் கஸ்பார் ஷ்பின்னர் 2005இல், எல்லா மாணவரையும் ஒரே அளவுக்கு வெட்டிவிடும் ஆபத்தை எச்சரித்தார். அவர் பயந்ததில் நியாயம் உண்டு. ஆயினும் பொது அளவுகோல் வேண்டாம் என்பதற்கு அது காரணம் ஆகாது. அளக்க வேண்டியது முடிவை அல்ல, முடிவுக்கும் வரிக்கும் உள்ள உறவை. அதை இரண்டு திருத்துநர்கள் தனித்தனியே பார்த்து ஒப்பிட முடியும். 2000ஆம் ஆண்டின் பிசா தேர்விலேயே பல நாடுகளில் இதைச் செய்து காட்டினார்கள். செலவு கூடும், நேரம் பிடிக்கும், உண்மைதான். ஆகவே கேள்வித்தாள் தயாரிப்பவர்களிடம் ஒரு கோரிக்கை: கதையைப் பற்றிய ஒவ்வொரு 'ஏன்' கேள்விக்கும் முழு மதிப்பெண் பெறத்தக்க இரண்டு வெவ்வேறு விடைகளையாவது முதலில் நீங்களே எழுதிப் பாருங்கள், எழுத முடியாவிட்டால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள்.