பெயரன்: ஆண்மகவுக்குப் பெயரிடும் வழக்கின் வரலாறு

மகன் பிறந்த இல்லத்தில் மகிழ்ச்சியை அடுத்துத் தோன்றுவது பெயர் பற்றிய ஆராய்ச்சியாகும். பாட்டன் பெயரை இடுவதா, குலதெய்வத்தின் பெயரை இடுவதா, நாண்மீனுக்கு உரிய எழுத்தைப் பார்ப்பதா, தனித்தமிழ்ப் பெயரைத் தேர்வதா எனப் பெற்றோரும் உற்றாரும் பல நாள் உழல்கின்றனர். பெயர்கள் போதாமையால் இவ்விடர் நேர்கின்றது என்பது பொருந்தாது. இலக்கியமும் கல்வெட்டும் தரும் பெயர்கள் எண்ணிறந்தன. பிறந்த மகவின்மீது உரிமை கொண்டாடுவோர் பலராதலே இடருக்குக் காரணம் என்பது எம் துணிபு. பாட்டன், புரவலன், இறைவன், மொழி என அவ்வுரிமையாளர் காலந்தோறும் பெருகி வந்த வரலாற்றைச் சான்றுகள்வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு முன் ஒன்று கூறற்பாலது. கல்வெட்டில் நாம் காணும் பெயர்கள் பெரும்பாலும் வளர்ந்து, நிலமோ பதவியோ பெற்றோர் பெயர்கள். தொட்டிலில் இட்ட பெயரும் கல்லில் வெட்டிய பெயரும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்னும் யாப்புறவு இல்லை. ஆதலின், இயற்பெயர் இதுவெனத் தெளிவாகத் தெரியும் இடங்களையே இயன்றவரை சான்றாகக் கொள்வோம்.

1. பிறக்குமுன் அமைந்த பெயர்

மகனின் மகனைக் குறிக்கும் 'பேரன்' என்னும் சொல் 'பெயரன்' என்பதன் மரூஉ. பெயர்த்தி என்பதே பேர்த்தி எனவும் பேத்தி எனவும் திரிந்தது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்னும் பொருளே முறைப்பெயராக நிலைத்துவிட்டது. பெயரிடும் வழக்கம் ஒன்று உறவுமுறைச் சொல்லாகவே ஆகுமாயின், அவ்வழக்கம் எத்துணை ஆழமாக வேரூன்றியிருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இதற்குச் சங்க இலக்கியத்துள் நற்றிணை 40ஆம் பாடல் சிறந்த சான்று. பரத்தையர்பால் சென்றிருந்த தலைவன், மகன் பிறந்தமை அறிந்து நள்ளிரவில் கள்வன்போல் தன் மனைக்கு வருகின்றான். மனையில் மணி ஒலிக்கின்றது. மகளிர் நற்சொல் கேட்க நிற்கின்றனர். செவிலியொடு மகன் துயில்கின்றான். ஐயவி அணிந்து நெய்யாடிய தாயும் இமை பொருந்திக் கிடக்கின்றாள். அவன் வருகைக்குப் புலவர் காட்டும் காரணம் ஒன்றே: சிறந்தோனாகிய தன் தந்தையின் பெயரன் பிறந்துவிட்டான் என்பது. ஈன்றணிமையிலேயே அம்மகவு 'பெயரன்' எனப்படுதல் நோக்கத்தக்கது. பெயரிடும் சடங்கு பாட்டில் சொல்லப்படவில்லை; பெயரோ முன்னரே முடிந்த செய்தியாக உள்ளது. தந்தையின் விருப்பத்திற்கு அங்கு இடமில்லை. மனையை மறந்து திரிந்த ஒருவனைத் தந்தையின் பெயர் மீண்டும் வாயிலுக்குள் அழைத்து வருகின்றது.

2. மகனால் பெயர் பெறும் தந்தை

தந்தை பெயரையும் மகன் பெயரையும் இணைத்து வழங்கும் வழக்கு மிகப் பழைது. தொல்காப்பியர் எழுத்ததிகாரப் புள்ளிமயங்கியலில் இத்தகைய தொடர்களின் புணர்ச்சிக்கு விதி கூறுகின்றார். சாத்தனுக்கு மகனாகிய கொற்றன் 'சாத்தங்கொற்றன்' ஆதல் உரையாசிரியர் காட்டும் உதாரணம். கொடுமணலில் கிடைத்த பானையோட்டில் கண்ணன் ஆதன் என்றும், கீழடியில் கிடைத்த ஓட்டில் குவிரன் ஆதன் என்றும் பெயர்கள் அடுத்தடுத்துப் பொறிக்கப்பட்டுள்ளன. இவற்றுள் முன்னையது தந்தை பெயராகவும் பின்னையது மகன் பெயராகவும் கொள்ளத்தக்கன. இன்று பெயருக்கு முன் தந்தையின் தலைப்பெழுத்தை இடும் நம் வழக்கு இம்மரபின் எச்சமே.

அதே இயலில் இதற்கு மறுதலையான வழக்கும் சொல்லப்படுகின்றது. ஆதன் தந்தை என்பது 'ஆந்தை' எனவும், பூதன் தந்தை என்பது 'பூந்தை' எனவும் முடியும். பிசிராந்தையார் என்னும் புலவர் பெயரில் உள்ள ஆந்தையையும் இவ்வாறே பிரிப்பார் உளர். ஆதன் என்று மகனுக்குப் பெயரிட்ட அன்றே தந்தையும் ஆந்தை என்னும் புதுப்பெயர் பெறுகின்றான். மகனுக்குப் பெயரிடுதல் தனக்கும் பெயரிட்டுக்கொள்ளுதலாக இருந்த சமுதாயத்தில் அச்செயல் எளியதாக இருந்திராது.

பாட்டன் பெயரிடும் முறை விலக்கில்லாத விதி என்றும் கொள்ளற்க. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையிலுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு மூன்று தலைமுறைச் சேரரைக் குறிக்கின்றது: கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. ஈண்டுப் பெயரன் பாட்டன் பெயரைப் பெறவில்லை. தந்தையின் பெயரே பெருமை, இளமை என்னும் அடைகளால் வேறுபடுத்தப்பட்டு மகனுக்கும் வழங்குகின்றது. முன்னோர் பெயர் தொடர வேண்டும் என்பதே இரண்டற்கும் பொது. எம்முன்னோர் என்பதில் வேறுபாடு இருந்தது.

3. வேந்தர் குடியும் பெயர் உரிமையும்

பல்லவர் மரபில் முதலாம் மகேந்திரவர்மனின் பெயரன் இரண்டாம் மகேந்திரவர்மன். முதலாம் பரமேசுவரவர்மனின் பெயரன் இரண்டாம் பரமேசுவரவர்மன். சோழருள் முதலாம் பராந்தகனின் பெயரனே இரண்டாம் பராந்தகனாகிய சுந்தர சோழன். கண்டராதித்தரின் மகன் மதுராந்தக உத்தம சோழன். உத்தம சோழனின் மகனோ கண்டராதித்தன். முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள் அவனை 'மதுராந்தகன் கண்டராதித்தன்' எனக் குறிக்கின்றன. தந்தை பெயரை முன்வைக்கும் சாத்தங்கொற்றன் முறையும், பாட்டன் பெயரை இடும் பெயரன் முறையும் இவ்வொரு தொடரில் கூடியிருத்தல் காண்க.

இராசகேசரி, பரகேசரி எனச் சோழரும், மாறன், சடையன் எனப் பாண்டியரும் மாறிமாறிக் கொண்ட பெயர்கள் அரியணைப் பெயர்களே. தொட்டிற் பெயர்கள் அல்ல. எனினும், ஒன்றுவிட்டு ஒன்றாக வருதலின், தந்தைக்குப் பின் மகன் என முறையே ஆண்டவிடத்துப் பாட்டன் பெயர் பெயரனையே சென்றடையும்.

இவை அனைத்தினும் பொருள் பொதிந்தது வேங்கி நாட்டுச் செய்தி. முதலாம் இராசராசனின் மகள் குந்தவை, கீழைச் சாளுக்கிய வேந்தன் விமலாதித்தனை மணந்தாள். அவர்க்குப் பிறந்தவன் இராசராச நரேந்திரன். இந்நரேந்திரன் முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்க்குப் பிறந்தவன் இராசேந்திரன் என்னும் பெயரினன். தொடர்ந்து இரு தலைமுறைகளில் தாயைப் பெற்ற பாட்டன் பெயரே மகனுக்கு இடப்பட்டது. வாழ்க்கைப்பட்டு வந்த மகளிர் வழியே சோழப் பெயர் கோதாவரிக் கரையில் தலைமுறைகள் இரண்டில் ஊன்றியது. அவ்வேங்கி இராசேந்திரனே 1070-இல் சோழ அரியணை ஏறி முதலாம் குலோத்துங்கன் எனப்பட்டான். பெயரே அவனுக்கு அரசைத் தந்தது எனல் மிகையாகும். எனினும், எக்குடிக்கு அவன் உரியன் என்னும் வினாவுக்கு அவன் பெற்றோர் தொட்டிலிலேயே ஒரு விடை எழுதிவிட்டனர் எனல் தகும்.

4. புரவலன் பெயரும் இறைவன் பெயரும்

முன்னோர்க்கு இருந்த இவ்வுரிமையை எதிர்த்து எழுந்த முதற் பெருங்குரல் பத்தி இயக்கத்தினுடையது. பெரியாழ்வார் திருமொழியின் நான்காம் பத்தில் ஆறாம் திருமொழி முழுவதும் மகவுக்குப் பெயரிடுதல் பற்றியதே. காசுக்கும் கரையுடைய ஆடைக்கும் ஆசைப்பட்டு மானிடர் பெயரை மக்களுக்கு இடுவோரை ஆழ்வார் கடிகின்றார்; நாரணன் பெயரை இடுமாறும், அவ்வாறு இட்டால் தாய் நரகம் புகாள் என்றும் அறிவுறுத்துகின்றார். சமயக் கருத்தை ஒருபுறம் வைத்து நோக்கின், இப்பதிகம் அரியதொரு சமுதாயச் சான்றாகின்றது. கொடை கருதிச் செல்வர் பெயரை மகவுக்கு இடும் வழக்கு அந்நாளில் இருந்தது என்பது இதனால் பெறப்படும். வறிய பெற்றோர்க்குப் பெயர் ஒரு பொருள்வாயிலாக இருந்தது போலும்.

இந்நெறியின் முதிர்ந்த நிலையைச் சேக்கிழார் காட்டும் அப்பூதியடிகளிடம் காண்கிறோம். திங்களூரில் வாழ்ந்த அவர், தாம் கண்டறியாத திருநாவுக்கரசரின் பெயரைத் தம் மக்கள் இருவர்க்கும் இட்டார். ஒருவன் மூத்த திருநாவுக்கரசு. மற்றவன் இளைய திருநாவுக்கரசு. பெருங்கடுங்கோ, இளங்கடுங்கோ என்னும் பழைய அடைமுறையே இங்கும் வருகின்றது. ஆயின் பெயருக்கு மூலம் குருதி உறவன்று, அன்பு. தந்தையர் கடமை பாட்டன் பெயரைக் காத்தல் என்றிருந்த நிலையில், குடிக்குப் புறம்பான ஒருவர் பெயரை மக்கள் இருவர்க்கும் இடுதல் சிறிய துணிவன்று.

5. அச்சமும் இழிவும்

பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த குடும்பங்களில் பெயர் ஒரு காப்பாகவும் ஆயிற்று. அடுத்துப் பிறந்த மகவைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றோ குப்புசாமி என்றோ அழைத்தனர். பிறரிடம் கொடுத்துத் தவிட்டுக்கு வாங்குவது போல் வாங்கிப் பிச்சை என்று பெயரிட்டனர். நல்ல பெயரைக் கூற்றம் நாடும், இழிந்த பெயரைப் புறக்கணிக்கும் என்பது நம்பிக்கை. இப்பெயர்களைக் கேட்டு நகைப்போர், அவற்றின் பின்னே நிற்கும் இறந்த மக்களின் வரிசையை எண்ணிப் பார்ப்பதில்லை.

பெற்றோர் விரும்பி ஏற்ற இழிவு இது. பிறர் சுமத்திய இழிவு வேறு. ஒரே தெய்வத்தின் பெயர் ஊரின் ஒரு பகுதியில் முனுசாமி எனவும் மற்றொரு பகுதியில் முனியன் எனவும் வழங்கியது. 'சாமி' என்னும் ஈறும் 'அன்' என்னும் ஈறும் இலக்கணத்தில் வெறும் ஈறுகள்; தெருவில் அவை சாதியின் எல்லைக்கற்களாக நின்றன. ஒடுக்கப்பட்டோர்க்கு நல்ல பெயர் இடுதலும் ஓர் உரிமைப் போராகவே இருந்தது.

6. அச்சேறிய நூல்களும் புதிய பெயர்களும்

இருபதாம் நூற்றாண்டில் மொழியும் மகவின்மீது உரிமை கோரிற்று. சூரியநாராயண சாத்திரியார் பரிதிமாற் கலைஞர் ஆயினார். வேதாசலம் என்னும் பெயரினர், தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய 1916ஆம் ஆண்டை ஒட்டி மறைமலையடிகள் ஆயினார். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின் சாதிப்பட்டம் இடுதலை விலக்குமாறு தீர்மானித்தது. சான்றோர் தம் பெயரை மாற்றிய பின், அடுத்த தலைமுறைக்குத் தொட்டிலிலேயே இளங்கோ, செழியன், சேரன், பாரி என்னும் பெயர்கள் கிடைத்தன.

இதற்கு ஒரு முற்காரணம் உண்டு. அது போதிய அளவு பேசப்படவில்லை. உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892-லும், புறநானூற்றை 1894-லும், பதிற்றுப்பத்தை 1904-லும் அச்சிட்டார். அப்பதிப்புகள் வாராதிருப்பின் செங்குட்டுவனும் நெடுஞ்செழியனும் பொதுமக்கள் நாவில் ஏறியிரார். ஏடு தேடிய பதிப்பாசிரியர் உழைப்பு, அவர் கருதாத முறையில், ஆயிரக்கணக்கான இல்லங்களின் தொட்டிலைச் சென்றடைந்தது. நாட்டுக்கும் மொழிக்கும் முன்னோராகிய வேந்தரும் புலவரும் குடும்பப் பாட்டனின் இடத்தைப் பெற்றனர். நுணுகி நோக்கின், இதுவும் பெயரன் முறையே. பாட்டன் மட்டும் மாறினான்.

7. இக்கால இடர்

மேற்கூறிய உரிமைகள் ஒன்றும் முற்றாக மறையவில்லை. அனைத்தும் இன்று ஒருங்கே நிற்கின்றன. அவற்றோடு நாண்மீன் எழுத்தும் எண்கணக்கும் சேர்ந்துள்ளன. இவற்றுள் நாண்மீன் எழுத்துக்கும் தமிழ்ப் பெயருக்கும் உள்ள முரண் இலக்கண மாணாக்கர் கருதற்பாலது. திருவாதிரையின் நான்கு பாதங்களுக்குரிய எழுத்துகளுள் ஙகரம் ஒன்று. அத்தத்திற்கு உரியவற்றுள் டகரம் ஒன்று. இவை மொழிக்கு முதலாதல் தொல்காப்பியர் நெறியன்று. வடமொழி ஒலிநிரலை அடியாகக் கொண்ட அப்பட்டியலையும் தூய தமிழ்ப் பெயரையும் ஒருங்கே வேண்டும் பெற்றோர், ஒன்றை விட்டே மற்றொன்றைப் பெற இயலும். பெயர் கிடையாமைக்கு அவர் முயற்சிக்குறை காரணமன்று. அவர் ஏற்ற விதிகள் தம்முள் பொருந்தாமையே காரணம்.

முன்னோர் இத்தகைய முரணைத் தீர்த்த வழி, ஒன்றை விடுதலன்று, பெயரை இரட்டித்தலாகும். மாமனார் பெயரை மருமகள் வாயாற் சொல்லலாகாது என்னும் வழக்கு இருந்தமையால், பாட்டன் பெயர் தாங்கிய மகனைத் தாய் 'தம்பி' என்றும் 'ராசா' என்றும் அழைத்தாள். பெயர் பாட்டனுக்கு, அழைப்பு தாய்க்கு. பத்திரத்தில் ஒன்றும் இல்லத்தில் ஒன்றுமாக அம்மகன் வளர்ந்தான். பள்ளியும் அரசு ஆவணமும் ஒரே பெயரை வேண்டும் இந்நாளில் அவ்வழி குறுகிவிட்டது. எனினும் சட்டம் சிறிது காலம் தருகின்றது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், பெயரின்றிப் பிறப்பைப் பதிந்து பின்னர்ப் பெயரைச் சேர்க்க இடந்தருகின்றது. தமிழ்நாட்டு விதிகளின்படி 12 மாதம் வரை கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டு வரை காலத்தாழ்ச்சிக் கட்டணம் செலுத்தியும் பெயர் சேர்க்கலாம் என விதிக்கப்பட்டது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பெயர்த் தேர்வு என்பது ஒலிநயமும் பொருள்நயமும் பற்றிய சிக்கல் அன்று என்பதும், பிறந்தவன் யார்க்கு உரியன் என்னும் வினாவே அதனுள் அடங்கியுள்ளது என்பதும் போதரும். நற்றிணைத் தலைவனுக்கு அவ்வினா எழவே இல்லை. வேங்கிக் குந்தவைக்கும் அப்பூதிக்கும் எழுந்தது. அவர்கள் தெளிவாக ஒரு விடை தந்தனர். இன்றைய பெற்றோர்க்கு எல்லா விடைகளும் திறந்திருக்கின்றன. தெரிந்தெடுக்கும் பொறுப்பும் அவரையே சார்ந்தது. அவர்தம் தடுமாற்றத்தை அறியாமை எனப் பழித்தல் முறையன்று. விதி தளர்ந்தவிடத்து உரிமை வரும். உரிமை வந்தவிடத்து இடரும் உடன் வரும்.

இத்துறையில் செய்யவேண்டுவன பல. கராசிமா, சுப்பராயலு, மட்சுயி ஆகிய மூவர் 1978-இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயரடைவு நமக்குப் பெருந்துணை. அதனைக் கொண்டு தந்தை, மகன், பெயரன் என மூன்று தலைமுறையும் தெரியும் குடும்பங்களைத் தொகுத்தல் வேண்டும். வேந்தர் குடியில் கண்ட முறை உழவரிடத்தும் வணிகரிடத்தும் கைவினைஞரிடத்தும் நின்றதா என்பது அப்போது தெளிவாகும். இளம் ஆராய்ச்சியாளர் இப்பணியை மேற்கொள்வாராக.