சென்னைப் பல்கலைக்கழகத்திற் புரதவமைப்புக் கணிப்பு (1954–1963)

கணிப்புமுறை உயிரியல் என்றவுடன் கணனியே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயின் அத்துறையின் அடிப்படைக் கணிப்புக்களுள் ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத்துறையிலே மேசைக் கணிப்பான்களைக் கொண்டு செய்யப்பட்டதாகும்.

1954இல் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், தசைநாணிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்துக்கு மூவிழை அமைப்பொன்றை முன்மொழிந்தனர். மறு ஆண்டில் அதனைச் சுருள்வடிவாகத் திருத்தினர். கேம்பிரிட்ஜில் ஆய்வுசெய்த ரிச்சும் கிரிக்கும் தடையெழுப்பினர்: அவ்வமைப்பிற் சில அணுக்கள் அளவுக்கு மிஞ்சி நெருங்கியுள்ளன என்பதே அத்தடை. மூவிழைக் கொள்கை நிலைத்தது. ஐதரசன் பிணைப்புப் பற்றியோ, தடையெழுப்பியோரின் கூற்றே பெரிதும் ஏற்கப்பட்டது. இதனை நாம் மறைத்தற்கில்லை.

எனினும், 'அளவு' என்பது யாது? சென்னைக் குழுவினர் இவ்வினாவை விட்டாரல்லர். அமைப்பு அறியப்பட்ட பளிங்குகளிலிருந்து, பிணைப்புறாத அணுக்கள் எத்துணை நெருங்கலாம் என்பதைத் தொகுத்தனர். பின்னர், புரதச் சங்கிலியின் முதுகெலும்பிலே ஒவ்வோர் அமினோவமிலத்தின் இருமருங்குமுள்ள இரு சுழற்சிக் கோணங்களையும் படிப்படியாக மாற்றி, அணுக்கள் முட்டும் நிலைகளை விலக்கினர். பெரும்பகுதி விலக்குண்டது, எஞ்சிய சிறு பரப்புக்களுள் அல்பாச் சுருளும் அடங்கியிருந்தது. பக்கச்சங்கிலியற்ற கிளைசீனுக்கே கூடுதற் சுதந்திரம் உண்டு.

1963இல் வெளியான அப்படத்தைக் கொண்டே இன்றும் புதிய புரதவமைப்புக்கள் சரிபார்க்கப்படுகின்றன. அதற்கு இராமச்சந்திரன் பெயர் மட்டுமே வழங்குகின்றது, கட்டுரையிலோ சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் பெயர்களும் உள்ளன.