புல்லட்டும் உப்புக்காற்றும்: ஒரு பொறியின் கதை

இன்னிக்கு நாம போற ஊர் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே, சுமார் 55 கிலோமீட்டர். டச்சுக்காரங்க 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டின ஊர். 17ஆம் நூற்றாண்டில் அவங்க இங்கே வெடிமருந்தும் தயாரிச்சாங்க. வெடிமருந்துக்கு ஈரம் ஆகாது. மோட்டார் சைக்கிள் பொறிக்கும் அதே கதைதான்.

பழைய புல்லட் வெச்சிருக்கிறவங்களுக்கு 'பிளாட்டினம் பாயிண்ட்' தெரியும். இரண்டு சின்ன உலோக முனைகள். மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடும். கேம் தள்ளித் திறந்ததும் கரண்ட் அறுந்து, பிளக்கில் பொறி தெறிக்கும். இந்த பேட்டரி-காயில் முறையை அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கினார். 1910 காடிலாக் காரில் அது வந்தது. புரோகிராமர் பாஷையில சொன்னா, இரும்பில் எழுதின ஒரு 'இஃப்'.

இங்கிலாந்தில் ரெட்டிச்சில் பிறந்த புல்லட், 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் உருவான என்ஃபீல்டு இந்தியா மூலமா திருவொற்றியூருக்கு வந்தது. ராணுவம் வாங்கினது, போலீஸ் வாங்கினது. 1970 வாக்கில் இங்கிலாந்து கம்பெனியே மூடியாச்சு. நம்ம வடசென்னையில் புல்லட் ஓடிக்கிட்டே இருந்தது, அதே பாயிண்டோட.

இப்போ கணக்கு. நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும் புல்லட்டில் பாயிண்ட் செகண்டுக்கு 25 தடவை திறந்து மூடும். இடைவெளி சுமார் 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர். முனை தேய்ஞ்சா இடைவெளி மாறும், பொறி வர்ற நேரமும் மாறும். கடலும் ஏரியும் சூழ்ந்த பழவேற்காடு மாதிரி ஊர்ல உப்புக்காற்றும் சேர்ந்தா முனையில் பூச்சு படியும். அதைத் தேய்க்கிற தாளுக்குத் தமிழ்ல என்ன பேரு? உப்புத்தாள்! உப்பு கெடுத்ததை உப்புத்தாள் சரிபண்ணுது.

விடியற்காலை மீன் ஏலத்துக்கு வண்டி எடுக்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஐஸ் உருகுற வேகத்துக்கு பாயிண்ட் காத்திருக்காது. அதனாலதான் எலக்ட்ரானிக் இக்னிஷன். பாயிண்ட் இருந்த இடத்தில் காந்தமும் சென்சாரும் உட்காரும். கரண்டை டிரான்சிஸ்டர் அறுக்கும். உரசல் இல்லை, தேய்மானம் இல்லை. கம்பெனியே மாறினதுக்குக் காரணம் புகை விதிகள்: தேய்ஞ்ச பாயிண்ட் பொறி நேரத்தைக் கலைச்சா புகையும் கூடும். 2009-ல் வந்த கிளாசிக் புல்லட்டுகள்ல பாயிண்ட் கிடையாது.

அப்போ பழைய வண்டியையும் மாத்திடலாமா? மாத்தலாம், ஆனா ஒண்ணு போகும். ஹெட்லைட் மேல இருக்கிற ஆம்பியர் மீட்டரைக் கவனிச்சிருக்கீங்களா? கிக்கரை மெதுவா அழுத்தினா, பாயிண்ட் திறக்கிற நொடியில் ஊசி நடுவுக்கு வரும். அப்புறம் டிகம்ப்ரஸரைப் பிடிச்சு பிஸ்டனைக் கொஞ்சம் தாண்டவிட்டு, ஒரே உதை. தாத்தாக்கள் இஞ்சினோட பேசின பாஷை அது. பல கிட்களில் அந்த ஊசி பேசாது.

இன்னொண்ணு: பாயிண்ட் கெட்டா நடுரோட்டில் தேய்ச்சு ஓட்டிடலாம். மாட்யூல் கெட்டா வண்டியைத் தள்ளணும். பேட்டரி பலவீனமா இருந்தாலும் பல கிட்கள் அடம்பிடிக்கும்.

என் கருத்து இதுதான். தினம் ஓட்டுற வண்டியா, கடற்கரை ஊரா? தாராளமா மாத்துங்க. முன்னாடி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகுதுன்னு பாருங்க. மாத்திக் கொடுத்தா மாட்யூல் அந்த நிமிஷமே காலி. கழட்டின பாயிண்ட் தட்டையும் கண்டன்சரையும் தூக்கிப் போடாதீங்க. கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் கவரில் சுத்தி, டூல் பாக்ஸில் வையுங்க. உப்புத்தாள் ஒரு துண்டும் சேர்த்து. என்னிக்காவது ராத்திரி பொன்னேரி ரோட்டில் அதுதான் உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். ஹெல்மெட் போடுங்க மக்களே!